மொழி ஆசிரியர் தன் வேலையைப் பற்றி நம்புவதற்கும் வகுப்பில் செய்வதற்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எந்த நம்பிக்கை என் வகுப்பை நடத்துகிறது என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு அரச பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். செயலமர்வுகளில் கேட்டால், "பிள்ளைகள் கதைக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று கைகொடுக்க வேண்டும்" என்றுதான் சொல்வேன். மனதார அப்படி நம்பியும் இருந்தேன்.

நல்லூர்த் திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வாரம், தரம் 8. விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பின்வாங்கில் இருக்கிற, வாயே திறக்காத பிள்ளை எழும்பி, "ஐ கோ நல்லூர் வித் அம்மம்மா" என்றாள். "வென்ற். ஐ வென்ற் ரு நல்லூர்" என்றேன். அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

இடைவேளையில் தோழியிடம் மிச்சக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றாள். தேரன்று சனத்துக்குள் அம்மம்மாவின் கை விடுபட்டுப்போனது, கச்சான் விற்கிற அம்மா இவளைத் தன் பக்கத்தில் இருத்திக் கைநிறையக் கச்சான் கொடுத்தது, அம்மம்மா அழுதழுது வந்து சேர்ந்தது. என் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய கதை. நான் வாசலிலேயே மறித்துவிட்டேன்.

பிள்ளையின் வாயில் பிழையான வசனம் வந்தால் அது என் குறை. என் அடிமனதில் இருந்த நம்பிக்கை அதுதான். எனக்குப் படிப்பித்தவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் இதை எழுதினார்: ஆசிரியராக வருகிறவர், தான் மாணவராக இருந்த காலத்திலேயே ஏறக்குறைய 13,000 மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்துப் பழகிவிடுகிறார். கல்வியியற் கல்லூரியில் படித்த மூன்று வருடம் அதற்கு முன் எம்மாத்திரம்?

முழுப் பழியையும் நம்பிக்கையின் தலையில் போடவும் முடியாது. பாடவேளை 40 நிமிடம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எழுத்துப் பரீட்சை மட்டும்தான். கதைப்பதற்குப் புள்ளி இல்லை. பெற்றோர் கொப்பியைத் திறந்ததும் சிவப்பு மையைத்தான் தேடுகிறார்கள். மொழி ஆசிரியர்களின் சிந்தனையைப் பற்றி நிறைய எழுதிய சைமன் போர்க்கும், சூழல் நெருக்கும்போது ஆசிரியர் தான் நம்புவதைச் செய்ய முடியாமல் போகும் என்கிறார்.

இப்போது பிள்ளை கதைத்து முடியும்வரை பிழைகளை ஒரு துண்டில் குறித்துக்கொள்கிறேன். பிறகு, யாருடையது என்று சொல்லாமல் நாலைந்து வசனங்களைக் கரும்பலகையில் போட்டு எல்லோருமாகத் திருத்துகிறோம். இலக்கணத்தை நான் கைவிடவில்லை, அதற்குரிய நேரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

நீங்களும் ஆசிரியர் என்றால், ஒரு பாடத்தைப் போனில் பதிந்து வீட்டில் போட்டுக் கேளுங்கள். என்னுடையதில் முதல் பத்து நிமிடமும் என் குரல்தான் கேட்டது. இன்றைக்கும் "ஐ கோ" என்று காதில் விழுந்தால் வாய் உன்னுகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சக் கதையைக் கேட்கிறேன்.