செமஸ்டர் வந்தால் நாள் தள்ளுகிறது, முடிந்தால் வலி வாட்டுகிறது

கேள்வி: எனக்கு 19 வயது. ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் இருந்தவரை 30 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் சரியாக வந்துவிடும். காலேஜ் சேர்ந்த பிறகு செமஸ்டர் சமயத்தில் மட்டும் 40, 42 நாள் ஆகிறது. போன முறை தேர்வெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. வாந்தி வரும் அளவுக்கு வலி. டென்ஷன்தான் முடிந்துவிட்டதே, அப்புறம் ஏன்? அம்மா உடம்புச் சூடு என்கிறார். ரூம்மேட் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று பயமுறுத்துகிறாள். அவள் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. அடுத்த தேர்வுக்கு நாளைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா?

பதில்: ‘டென்ஷன்தான் முடிந்துவிட்டதே’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். தேர்வு முடிந்த வாரத்தில் வந்த வலிக்கு அந்த வாரத்தில் காரணம் தேடினால் கிடைக்காது. சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது என்று சொல்கிறோம். உண்மையில் தள்ளிப்போவது கருமுட்டை வெளியாகும் நாள். முட்டை வெளியான பிறகு ஏறத்தாழ 14 நாளில் ரத்தப்போக்கு வந்துவிடும். இந்தப் பின்பாதி பெரிதாக மாறாது. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். 30 நாள் சுழற்சியில் 16ஆம் நாள் வாக்கில் வெளியாக வேண்டிய முட்டை, உங்களுக்கு 28ஆம் நாள் வாக்கில் வெளியாகியிருக்கிறது. அதனால்தான் 42. அந்தப் பன்னிரண்டு நாள் தாமதம் எப்போது நடந்தது என்று காலண்டரைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, லேப் தேர்வு என்று தூங்காமல் ஓடிய நாட்களில் போய் நிற்கும்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கிருந்து துடிப்பு துடிப்பாக ஒரு ஹார்மோன் சுரந்து, பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்லும், சினைப்பை முட்டையை வளர்க்கும். கவலை, தூக்கமின்மை, அரைப்பட்டினி எல்லாம் சேரும்போது கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் கூடி, அந்த முதல் துடிப்பே மந்தமாகிறது. உடம்பு கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை. இப்போது முட்டை வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று உடம்பு ஒத்திப்போடுகிறது.

வலி வேறொரு கதை. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும் நேரத்தில் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அங்கேயே உண்டாகிறது. அது தசையை இறுக்கிப் பிழிகிறது. ரத்தத்தில் கலக்கும்போது வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல். முந்தைய மாத டென்ஷனுக்கும் இந்த மாத வலிக்கும் தொடர்பு உண்டா என்று சீனாவின் ஆன்சிங் நகரில் மணமான 388 பெண்களை மாதாமாதம் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வு. முந்தைய சுழற்சியில் மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் மாணவிகள் அல்லர், ஆனாலும் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் சுருண்டு படுத்துக்கொள்ளும் ஹாஸ்டல் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

மாத்திரைக்கு வருவோம். ரூம்மேட் கொடுத்தது அநேகமாக மெஃப்டால் ஸ்பாஸாக இருக்கும். ஹாஸ்டலில் ஆளுக்கொரு அட்டை வைத்திருப்பார்கள். அதில் இரண்டு மருந்துகள்: மெஃபெனாமிக் அமிலம், டைசைக்ளோமின். முதலாவது ப்ரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும். ஏற்கெனவே ஊறி நிற்பதை அது அகற்றாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வலி உச்சத்தில் இருக்கும்போது போட்டால் கேட்காததற்குக் காரணம் இதுதான். வலியோ ரத்தப்போக்கோ தொடங்கிய உடனே, சாப்பிட்ட பிறகு, மருத்துவர் சொன்ன அளவில், முதல் இரண்டு மூன்று நாளைக்கு இடைவெளி தவறாமல் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா இருப்பவர்கள் தொடவே கூடாது. மெஃபெனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரித்திருக்கிறது. மாத்திரை எடுத்த அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. டைசைக்ளோமின் சிலருக்கு வாய் வறட்சி, மயக்கம், மங்கலான பார்வை தரும். தேர்வு ஹாலில் கேள்வித்தாள் மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? ‘ஸ்பாஸ்’ இல்லாத மெஃபெனாமிக் அமிலமோ ஐபுப்ரோஃபெனோ போதுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். எதுவானாலும் முதல்முறையாகத் தேர்வன்று போட்டுப் பார்க்காதீர்கள்.

நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை, அதாவது நார்எதிஸ்டிரோன், வழக்கமாக பீரியட்ஸ் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கி தினமும் மூன்று வேளை எடுப்பது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும். உங்களுக்கு எந்த நாளில் வரும் என்பதே தெரியாதபோது எதற்கு மூன்று நாள் முன்பு என்று கணக்கிடுவது? தேர்வோ வாரக்கணக்கில் நீள்கிறது. ரத்தம் உறையும் நோய் குடும்பத்தில் இருந்தாலோ, கண்முன் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ ஆபத்தும் உண்டு. கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். உங்கள் நிலையில் நான் எழுதித் தர மாட்டேன்.

பிசிஓடி பயத்துக்கு ஒரு வார்த்தை. ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிந்தாலே பிசிஓடி என்று முத்திரை குத்துவது பரவலாக நடக்கிறது. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதுதான் 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். இளம் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். நீங்கள் 12, 13 வயதில் வயதுக்கு வந்திருந்தால் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறீர்கள். செமஸ்டர் இல்லாத மாதங்களிலும் 35 நாளைத் தாண்டுகிறதா, தாடையில் முடி, அடங்காத முகப்பரு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, ப்ரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகளையும் அவர் பார்ப்பார். உடலுறவு இருந்திருந்தால் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. சங்கடப்பட ஒன்றுமில்லை.

சரி, ஹாஸ்டலில் என்ன செய்ய முடியும்? கெட்டில் தடை என்றால் மெஸ்ஸில் வெந்நீர் வாங்கி, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் வையுங்கள். சூட்டுக்கு வலியைக் குறைக்கும் திறன் உண்டு என்பது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேர நடையோ யோகாவோ அடுத்தடுத்த மாதங்களில் வலியைக் குறைக்கும். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். டென்ஷனே இல்லாமல் படியுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. ஆனால் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஆறேழு மணி நேரத் தூக்கத்தைக் காப்பாற்றினால், பலன் தேர்வு முடிந்த பிறகு தெரியும். வருகைப் பதிவுக் கவலையும் இதில் ஒரு பங்கு. கேரளம் 2023 ஜனவரியில் மாணவிகளுக்கு 75 சதவீதத்தை 73 ஆகத் தளர்த்தியது. மற்ற மாநிலங்களும் செய்யலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது? தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால். ரத்தப்போக்கு எட்டு நாளைத் தாண்டினால், அல்லது மணிக்கொரு நாப்கின் நனைந்தால். மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டும் மூன்று சுழற்சி வலி அடங்காவிட்டால். பீரியட்ஸ் இல்லாத நாளிலும், மலம் கழிக்கும்போதும் வலித்தால். கடைசி இரண்டும் எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோயாக, இருக்கக்கூடும். ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். பீரியட்ஸ் வந்தும் மனச்சோர்வு விலகாமல் மாதம் முழுக்க நீடித்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்றிலிருந்து ஒரு டைரி போடுங்கள். வந்த நாள், வலி பத்துக்கு எத்தனை, அந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அவ்வளவு போதும். மூன்று மாதக் குறிப்போடு வரும் பெண்ணுக்கு மருத்துவரின் நேரமும் கிடைக்கும், பதிலும் கிடைக்கும். அம்மா சொல்லும் உடம்புச் சூடு எங்கள் பாடத்தில் இல்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அவருக்கோ சித்திக்கோ பெரியம்மாவுக்கோ இந்த வயதில் இப்படி வலித்ததா? எண்டோமெட்ரியோசிஸ் குடும்பத்தில் தொடரக்கூடியது. அவர் சொல்வதையும் அந்த டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.