மொத்தத் தொகைக்குத் தலையாட்டும் முன்: வாடகை வீட்டு மராமத்துக்கு ஆள் அமர்த்துவது எப்படி?

தேவகோட்டையைச் சொந்த ஊராகக் கொண்டு சென்னையில் பணியாற்றும் வாசகர் ஒருவர், கீழே ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு குடித்தனங்கள் உள்ள, ஏறத்தாழ 25 ஆண்டுகள் பழைய வீடொன்றைக் காரைக்குடியில் வாங்கியிருக்கிறார். இப்போதுள்ள நிலையில் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாயும், புதுப்பித்தால் 15,000 ரூபாயும் வாடகை கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களாம். ஒப்பந்ததாரர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சேர்த்து ஆறு லட்சம், பாதி முன்பணம்” என்றிருக்கிறார். கொடுக்கலாமா என்பது வாசகரின் கேள்வி. இந்த வீடு கைகொடுத்தால், அடுத்து பழைய செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு பங்கை வாங்கும் எண்ணமும் அவருக்கு இருக்கிறது.

ஒப்பந்ததாரர் நல்லவரா என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுப்பிப்பதால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 3,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36,000 ரூபாய். ஆறு லட்சத்தை அதனால் வகுத்தால், வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லை என்று வைத்துக்கொண்டாலும், போட்ட பணம் திரும்பிவர 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு முறையாவது வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர் சொன்ன தொகை நியாயமானதாகவே இருந்தாலும், அந்த வேலைகளில் ஒரு பகுதி உங்களுக்குத் தேவையில்லை.

வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாடித் தளத்தின் ஒழுக்கு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவறை ஆகியவை வாடகை கூடினாலும் கூடாவிட்டாலும் செய்தே தீர வேண்டியவை. செய்யாமல் விட்டால் குடியிருப்பவர் ஒரு மழைக்காலத்துக்குமேல் தங்கமாட்டார். தரையை மாற்றுவது, சமையலறைக்கு அலமாரி அடிப்பது, முகப்புக்குப் புது வண்ணம் பூசுவது ஆகியவை வாடகை கூடினால் மட்டுமே பொருளுள்ளவை. அழகப்பா பல்கலைக்கழகத்தையும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் நம்பி வாடகைக்கு வீடு தேடும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் வந்து பார்க்கும்போது முதலில் குழாயைத் திறந்து பார்ப்பதையும், கழிவறையை எட்டிப் பார்ப்பதையும் பலமுறை கவனித்திருக்கிறேன். தரையில் பதித்த கல்லின் விலையைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அடுத்தது அளவு. “எல்லாம் சேர்த்து” என்ற சொல்லில் எது அடங்கும், எது அடங்காது என்பது, வேலை பாதியில் நிற்கும்போதுதான் தெரியவரும். ஒரு நாள் லீவு போட்டு, அளவு நாடாவுடன் வீட்டுக்கு நீங்களே செல்லுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி, மேல்தளம் 120 சதுர அடி, ஆக 560. ஏழுக்கு மூன்றடிக் கதவும் நாலுக்கு நாலடிச் சன்னலும் இருந்தால் அதில் 37 சதுர அடி குறையும். அந்தப் பரப்பை ஒப்பந்ததாரர் கழிப்பாரா மாட்டாரா என்பதைப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் கழிக்கமாட்டார்கள். இப்படி ஒவ்வோர் அறைக்கும் அளவு எழுதிய ஒரே தாளை மூவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே விலை வாங்குங்கள். மூவரும் ஒரே வேலைக்கு விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும். மிகக் குறைவாகச் சொன்னவரிடம், என்ன சிமெண்டு, எத்தனை கோட் வண்ணம், வண்ணத்துக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பட்டி உண்டா இல்லையா என்று கேட்டால், விலை குறைந்த காரணம் பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

கூலி முறையில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பூச்சு, வண்ணம், தரைக்கல் போன்ற கண்ணால் அளக்கக்கூடிய வேலைகளைச் சதுர அடிக் கணக்கில் பேச வேண்டும். ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது, பழைய குழாயை உடைத்துப் பார்ப்பது போன்ற முன்கூட்டி அளக்க முடியாத வேலைகளுக்கு நாள் கூலிதான் இருவருக்கும் நியாயம். அதற்கு மொத்தத் தொகை பேசினால், அவர் ஒழுக்கைத் தேடாமல் மேலே ஒரு பூச்சைப் பூசிவிட்டுப் போவார். என் முதல் வாடகை வீட்டில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்: பூச்சு வேலையை நாள் கூலிக்கு விட்டேன், ஒழுக்கை மொத்தமாகப் பேசினேன். நான்கு நாளில் முடிய வேண்டிய பூச்சு பதினொரு நாள் நீண்டது. ஒழுக்கு ஐப்பசியில் திரும்பி வந்தது.

பொருள்களை நீங்களே வாங்கித் தருவதா, ஒப்பந்ததாரரே வாங்குவதா என்றால், நீங்கள் வெளியூரில் இருப்பதால் மணல், ஜல்லி, சிமெண்டை அவரிடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மூட்டைகளை எண்ணுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் மூட்டை வாங்கித் தருவதில் பயனில்லை. ஆனால் மின்கம்பி, சுவிட்சு, குழாய், கழிவறைக் கோப்பை ஆகியவற்றின் நிறுவனப் பெயரையும் அளவையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய விலையை வைத்து மதிப்பீடு கொடுப்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

பாதித் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். முதல் வாரத்துக்கான பொருளும் கூலியும் எவ்வளவோ அவ்வளவே முன்பணம். பிறகு ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதற்கான பணம். கட்டம் முடிந்தது என்பதை எப்படிச் சோதிப்பது என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். கழிவறைத் தளத்தில் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே கல் பதிக்க அனுமதியுங்கள். சுவருக்குள் குழாயும் கம்பியும் போன வழியைப் பூச்சு மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உதவும். மின்வேலைக்கு உரிமம் பெற்றவரையே வையுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த்தும் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மாடித் தளத்துக்கு மட்டும் தனி விதி. தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த தளமானால், முழுவதையும் உடைப்பதற்கு முன், ஓடுகளின் இடைவெளிகளைப் பார்த்து அடைத்து, தண்ணீர் போகும் வாட்டத்தையும் குழாய் வாயையும் சரிசெய்தாலே பல வீடுகளில் ஒழுக்கு நின்றுவிடுகிறது. இந்த வேலை புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். தளவேலைக்கான தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். நம்பிக்கையுள்ள மேஸ்திரி இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது சுடாமல், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையும் சிமெண்டு மணலும் இட்டுக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தும் கல். புழங்கப் புழங்க மெருகேறும். கூடத்தில் போடலாம். கழிவறையில் வேண்டாம், ஏனென்றால் சிமெண்டுக் கல்லை ஆசிடு அரித்துவிடும். வாடகைக்கு இருப்பவர் ஆசிடு ஊற்றிக் கழுவுவதை நீங்கள் தடுக்க முடியாது.

ரசீதுகளை எல்லாம் வாங்கிவையுங்கள், ஆனால் வருமான வரிக்காக ரசீதைப் பெருக்க வேண்டாம். வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்துவரியைக் கழித்த பிறகு, மீதியில் 30 விழுக்காடு பராமரிப்புக்கென்று கழித்துவிடுகிறார்கள்; நீங்கள் ஒரு லட்சம் செலவழித்தாலும் ஒன்றும் செலவழிக்காவிட்டாலும் அது மாறாது. கட்டடத்தைக் கூட்டிக் கட்டிய செலவின் ரசீது மட்டும், பின்னாளில் வீட்டை விற்கும்போது ஆதாயத்தைக் கணக்கிட உதவும்.

வேலை முடிந்து குடிவைக்கும்போது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவுசெய்யுங்கள். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டட மராமத்து, வெள்ளையடிப்பு, குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது உங்கள் பொறுப்பு; குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்று அச்சட்டத்தின் அட்டவணை பிரிக்கிறது. அந்தப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால், இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி குறையும்.

அடுத்து வாங்க நினைக்கும் பழைய வீட்டைப் பற்றி. சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய சுவரில் சிமெண்டு பூசி அதன்மேல் எண்ணெய் வண்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயர்ந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, நாள் கூலிக்கே வைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) கூரையும் பங்காளிகள் அனைவருக்கும் பொது என்பதால், கூரையில் ஒரே ஓர் ஓடு மாற்றுவதற்கும் அவர்கள் ஒப்புதல் தேவைப்படலாம். பங்கை வாங்குவதற்கு முன்பே, மராமத்துச் செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் காரைக்குடியிலேயே இன்னொரு சிறிய வீட்டைப் பார்ப்பது உங்களுக்கு உகந்தது.