அதி ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன? கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: சார், காஸ்மிக் கதிர்கள் என்பவை விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்கள்தானே? ஒரே ஒரு துகளில் அப்படி எவ்வளவு ஆற்றல் இருந்துவிடும்?

பதில்: 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான துகளில் சுமார் 50 ஜூல் இருந்தது தம்பி. சுழற்பந்து வீச்சாளர் 90 கி.மீ. வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல், ஓர் அணுக்கருவுக்குள்! ஜெனீவாவில் எல்.எச்.சி. என்ற ராட்சதத் துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்குத் தருவதைவிட 4 கோடி மடங்குக்கும் அதிகம்.

ஓர் ஆசிரியை: இதை எப்படிப் பிடிக்கிறார்கள்?

பதில்: இந்த ரகம் ஒரு சதுர கிலோமீட்டரில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தாலே பெரிது. அதனால் அர்ஜென்டினாவில் பியர் ஒஜே ஆய்வகம் 3,000 சதுர கி.மீ. புல்வெளியில் விரிந்து கிடக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மொத்தம் 1,600க்கு மேல். ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் சுத்தமான நீர், உள்ளே கும்மிருட்டு. காற்றில் மோதிய துகள் பல கோடித் துகள்களாகச் சிதறிப் பொழியும். அவை நீரைக் கடக்கும்போது எழும் மங்கிய நீல ஒளியை உணரிகள் பதிவு செய்யும். எந்தத் தொட்டி முதலில் மின்னியது, அடுத்தது எவ்வளவு தாமதித்து மின்னியது என்று பார்த்தே திசையைக் கணிக்கிறார்கள்.

இன்னொருவர்: திசை தெரிந்தால் மூலமும் தெரிந்துவிடுமே?

பதில்: அங்கேதான் தலைவலி. இவை மின்னூட்டம் கொண்டவை. வழியில் காந்தப்புலங்கள் பாதையை வளைத்துவிடும். இரும்புக் கரு என்றால், அதே ஆற்றலுள்ள புரோட்டானைவிட 26 மடங்கு வளையும். ஆற்றல் ஏற ஏறக் கனமான கருக்களே அதிகம் என்கின்றன ஒஜே தரவுகள். 2021 மே 27இல் யூட்டாவில் பதிவான, 'அமதெராசு' என்று பெயரிடப்பட்ட அதி ஆற்றல் துகள் வந்த திசையில் பார்த்தால், கேலக்ஸிகளே அரிதான வெற்றிடம்!

பெங்களூரு வாசகர்: நம் பால்வீதியிலிருந்தே வரலாம் அல்லவா?

பதில்: வாய்ப்பு மிகக் குறைவு. 2017இல் ஒஜே குழு வெளியிட்ட கணக்கில், வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து இவை சற்று அதிகமாக வருகின்றன. அந்தப் பக்கம் பால்வீதி மையத்திலிருந்து சுமார் 125 டிகிரி தள்ளி இருக்கிறது. அதற்காக எங்கோ வெகுதூரத்திலிருந்தும் வர முடியாது. பெருவெடிப்பின் எச்ச ஒளியோடு மோதி வழியிலேயே ஆற்றலை இழக்கும் என்று 1966இலேயே இயற்பியலாளர்கள் கிரைசன், சாட்செபின், குஸ்மின் காட்டிவிட்டார்கள்.

அதே வாசகர்: சரி, அப்போது யார்மீது சந்தேகம்?

பதில்: கருந்துளை பீய்ச்சும் தாரைகள் கொண்ட சென்டாரஸ் ஏ போன்ற கேலக்ஸிகள், விண்மீன்கள் மளமளவெனப் பிறக்கும் கேலக்ஸிகள். சென்டாரஸ் ஏ பக்கம் கொஞ்சம் கூட்டம் தெரிகிறது; ஆனால் தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஒரே மூலம்தான் என்று அடித்துப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

கோவை வாசகர்: ஊட்டியில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகமான கிரேப்ஸ்-3இல் இவை சிக்குமா?

பதில்: அதன் பரப்பு சுமார் 25,000 சதுர மீட்டர்தான். இவற்றுக்குக் காத்திருந்தால் ஆயிரம் ஆண்டு போதாது. அதன் வேலை ஆற்றல் குறைந்த கதிர்களில். அங்கே அது கில்லாடி.