கடன் வாங்கி வைர மோதிரம் வேண்டாம், தம்பி

கேள்வி: எனக்கு வயது 29. ஓசூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். இன்னும் ஏழு வாரத்தில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைர மோதிரம் போட வேண்டும் என்பது என் ஆசை. அவருடைய அக்காவுக்கு அரை காரட்டில் போட்டார்களாம். அதற்குக் குறைந்தால் நன்றாக இருக்காதே என்று தோன்றுகிறது. இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குப் போடுவதுதான் முறை என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். கடையில் 50 சென்ட், அதாவது அரை காரட், மோதிரம் ஒன்றுக்கு 1,65,000 ரூபாய் எஸ்டிமேட் தந்திருக்கிறார்கள். நகல் இணைத்திருக்கிறேன். சேமிப்பு 90,000 இருக்கிறது. மீதிக்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா? செயற்கை வைரம் ரொம்ப மலிவு என்கிறார்களே, அதை வாங்கலாமா? வைரம் எல்லோருக்கும் ஒத்துவராது என்று அம்மா வேறு பயப்படுகிறார்.
— பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்:

அன்புள்ள தம்பி,

லோன் வேண்டாம். மற்ற எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். 75,000 ரூபாயை 14 சதவீத வட்டிக்கு வாங்கி 2 வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,600 ரூபாய் போகும். வட்டி மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நிச்சயம் முடிந்த கையோடு கல்யாணச் செலவு நிற்கிறது. அப்புறம் வீட்டு அட்வான்ஸ், பாத்திரம் பண்டம், கேஸ் இணைப்பு என்று வரிசையாக வரும். அந்தப் பெண் உங்களோடு குடித்தனம் வந்த பிறகு, தன் விரலில் இருக்கும் மோதிரத்துக்குத் தானும் சேர்ந்து தவணை கட்டுவார். அப்படி ஒரு தொடக்கத்தை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

அதற்காகக் கையில் இருக்கும் 90,000 ரூபாயையும் துடைத்துப் போட்டுவிட வேண்டாம். 60,000, மிஞ்சினால் 65,000. ஜிஎஸ்டி 3 சதவீதமும் அதற்குள்ளேயே. இந்தத் தொகையை முடிவு செய்துகொண்டு கடைப்படி ஏறுங்கள். "இன்னும் பதினைந்தாயிரம் போட்டால் இதைவிட நல்லது இருக்கு சார்" என்று ஒரு தட்டை எடுத்து வைப்பார்கள். அந்தத் தட்டைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டு மாதச் சம்பளம் என்ற முறையைப் பற்றி. அப்படி ஒரு முறை நம் ஊரில் கிடையாது, வேறெந்த ஊரிலும் கிடையாது. வைரச் சந்தையில் கொடிகட்டிப் பறந்த டி பியர்ஸ் நிறுவனம் 1980களில் அமெரிக்காவில் செய்த விளம்பரம் அது. ஜப்பானில் அதே நிறுவனம் மூன்று மாதச் சம்பளம் என்று சொன்னது. விற்கிறவர் சொன்ன அளவை வாங்குகிறவர் ஏன் தலையில் சுமக்க வேண்டும்? நம் வீடுகளில் நிச்சயம் என்றால் தட்டு மாற்றுவது, லக்னப் பத்திரிகை வாசிப்பது, பெண்ணுக்குப் புடவையும் பூவும் வைப்பது. மோதிரம் பின்னால் வந்து சேர்ந்த ஆசை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ஆசைக்கு இவ்வளவு என்று அளவு போடும் உரிமை உங்களுடையது.

இப்போது அந்த எஸ்டிமேட். பொறுமையாகப் படித்தேன். 18 காரட் தங்கம், மொத்த எடை 4.150 கிராம், நிகர எடை 4.050 கிராம். தங்கத்தில் காரட் என்பது தரம், வைரத்தில் அது எடை. 5 காரட் வைரம் சேர்ந்தால்தான் 1 கிராம்; அரை காரட் என்பது 0.100 கிராம். அதைச் சரியாகக் கழித்துத் தங்கத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள். அதில் குறை இல்லை. அடுத்த வரியைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்: "வைரம், 13 கல், 0.50 காரட், விவிஎஸ் - இஎஃப்." பதின்மூன்று கல்! அதாவது நடுவில் ஒரு கல், சுற்றிலும் பொடிக்கல் பன்னிரண்டு. பொடிக்கல் ஒவ்வொன்றும் 2 சென்ட் என்று வைத்தால், நடுக்கல் 26 சென்ட்தான் தேறும். அக்காவுக்குப் போட்டது ஒற்றைக்கல்லாக அரை காரட் என்றால், இது அதுவே அல்ல.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். விலையே அதில்தான் இருக்கிறது. வைரம் பெரிதாகப் பெரிதாக எடை மட்டுமல்ல, ஒரு காரட்டுக்கான விலையும் ஏறும். அரை காரட் ஒற்றைக்கல்லுக்கு ஒரு விலை. அதே அரை காரட் எடையைப் பொடிக்கல்லாகச் சேர்த்தால் மிகக் குறைந்த விலை. உங்கள் சீட்டில் பதின்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகை போட்டிருக்கிறார்கள். நடுக்கல் எத்தனை சென்ட், அதற்குக் காரட் என்ன விலை, பொடிக்கல் மொத்தம் எத்தனை சென்ட், அதற்குக் காரட் என்ன விலை என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடை தயங்காமல் தரும். மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அதே சீட்டில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. வெட்டின் தரம் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நம் கடைகளில் விவிஎஸ், இஎஃப் என்ற இரண்டையும் மந்திரம் மாதிரி சொல்வார்கள். விவிஎஸ் என்பது தூய்மை. இஎஃப் என்பது நிறம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்சில், பழகிய கண்ணுக்கே தேடினால்தான் அகப்படும் அளவு சின்னக் குறை இருந்தால் அது விவிஎஸ். அதற்கு அடுத்த படி விஎஸ். அதிலும் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நிறத்தில் டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி, எச் இரண்டையும் கல்லைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்திலேயே இ கல்லையும் வைத்துப் பார்த்தால் ஒருவேளை வித்தியாசம் தெரியலாம். மஞ்சள் தங்கத்தில் பதித்து விரலில் போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. காகிதத்தில் மட்டும் தெரிகிற தரத்துக்கு உங்கள் பணத்தில் பெரும்பகுதி போகிறது என்பதுதான் என் வருத்தம். ஜி அல்லது எச் நிறம், விஎஸ் தூய்மை போதும்.

கண்ணுக்குத் தெரிவது வெட்டு. கல்லுக்குள் போன வெளிச்சம் திரும்பி மேலே வந்தால்தான் ஜொலிப்பு. எடையைக் காப்பாற்றுவதற்காக அடிப்பக்கம் ஆழமாக விட்டு வெட்டிய கல் எடையில் அதிகம் நிற்கும்; முகம் சிறுத்து, நடுவில் இருண்டு கிடக்கும். நன்றாக வெட்டிய 50 சென்ட் வட்டக்கல்லின் விட்டம் சுமார் 5.1 மில்லிமீட்டர், 30 சென்ட் என்றால் 4.3. வைரத்தோடு தரும் தரச் சர்டிபிகேட்டில் விட்டம் அச்சாகியிருக்கும், பாருங்கள். வெட்டு என்ற இடத்தில் 'எக்ஸலன்ட்' என்று இருக்க வேண்டும், இதில் மட்டும் இறங்கி வராதீர்கள். கடைக்குள் தலைக்கு மேல் எரிகிற குட்டி விளக்குகளில் எந்தக் கல்லும் மின்னும். மோதிரத்தை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோங்கள். நேர் வெயிலில் வேண்டாம், நிழலில் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். அங்கேயும் ஒளி துள்ளினால் நல்ல கல். இரண்டு மூன்று மோதிரத்தை இப்படிப் பார்த்தால் உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

எடையில் இன்னொரு சூட்சுமம். 30, 50, 70 சென்ட், 1 காரட் என்ற படிகளில் காரட் விலை தாவும். 28 சென்ட் கல்லுக்கும் 30 சென்ட் கல்லுக்கும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். இருப்பில் 28, 29 சென்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

தங்கம் விற்கிற விலையில் வளையத்தின் எடையும் முக்கியம். 4 கிராம் எதற்கு? 2, இரண்டரை கிராமில் உறுதியான மோதிரம் செய்யலாம். 14 காரட் தங்கத்துக்கும் ஹால்மார்க் உண்டு, 585 என்று முத்திரை இருக்கும். கல்லைப் பிடிக்கும் கொக்கிகளுக்கு 22 காரட்டைவிட 18ம் 14ம்தான் வலு. உங்கள் வருங்கால மனைவி வண்டி ஓட்டுபவர், வேலைக்குப் போகிறவர் என்றால் கல் ரொம்பத் தூக்கலாக நிற்காத வடிவம் எடுங்கள். துப்பட்டாவில் மாட்டி மாட்டிக் கொக்கி தளரும்.

எனக்குப் பிடித்த வழி ஒன்று சொல்லட்டுமா? ஏழுகல். பாட்டிமார் தோட்டிலும் மூக்குத்தியிலும் போட்ட அதே அமைப்பு, மோதிரத்தில். ஏழு சின்னக் கற்கள் பூ மாதிரி நெருங்கி உட்காரும்போது அகலமாகத் தெரியும். அதே எடை ஒற்றைக்கல்லோடு ஒப்பிட்டால் விலை மிகவும் குறைவு. நம் வீட்டு நகை என்ற பெருமையும் அதில் உண்டு. பெண்ணின் வீட்டில் பெரியவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். 13 கல் மோதிரத்துக்குத் தயாராக இருந்தவர் நீங்கள், ஏழுகல்லை அவசியம் பாருங்கள்.

செயற்கை வைரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான், கண்ணாடியோ ஜிர்கானோ இல்லை. அதே கார்பன், அதே கடினம், அதே ஜொலிப்பு. கடைக்காரர் வைத்திருக்கும் பேனா மாதிரியான சோதனைக் கருவி அதையும் வைரம் என்றே காட்டும். சரியான கருவிகள் உள்ள பரிசோதனைக் கூடத்தில்தான் பிரித்துச் சொல்ல முடியும். சூரத்தில் ஏராளமாக உற்பத்தியாகிறது. இதை உள்நாட்டிலேயே வளர்க்கும் தொழில்நுட்பத்துக்காக மத்திய அரசு 2023இல் சென்னை ஐஐடிக்கு ஐந்தாண்டுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் நாளைக்கு விற்கப் போனால் கல்லுக்கு ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. விரலில் அரை காரட் அகலம் தெரிய வேண்டும், விற்கும் எண்ணமே இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் பெண்ணுக்கும் இரு வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் ஒருநாள் அடகுக்கடையிலோ மாற்றப் போன இடத்திலோ தெரியவந்தால், சேமித்த பணத்துக்கு இருமடங்கு மனக்கசப்பு வரும். ஆய்வக வைரம் என்று பில்லிலும் சர்டிபிகேட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும்.

இயற்கை வைரத்தையும் சேமிப்பாக நினைக்காதீர்கள். தங்கம் மாதிரி காலையில் விலை பார்த்து மாலையில் விற்கிற பொருள் இல்லை அது. வாங்கிய கடையே எத்தனை சதவீதம் கழித்துத் திரும்ப எடுக்கும், பணமாகத் தருமா, மாற்றிக்கொள்ள மட்டுமா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேறு கடைக்குப் போனால் அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். செய்கூலியும் ஜிஎஸ்டியும் எப்படியும் போனது போனதுதான்.

அம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள் தம்பி. கரும்புள்ளி இருக்கிற கல் ஆகாது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சு. விவிஎஸ்தான் வேண்டும் என்று பலர் அடம்பிடிப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் கரும்புள்ளி இல்லாத கல் வேண்டுமென்றால் விவிஎஸ் வரை போக வேண்டியதில்லை. அம்மாவையே கடைக்கு அழைத்துப்போங்கள். லென்சை அவர் கையில் கொடுத்து, இந்த விஎஸ் கல்லில் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கேட்டால் சில கடைகளில் இன்றும் சம்மதிப்பார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால், அந்த 60,000க்கு அழகான தங்க மோதிரம் போடலாம். யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

பணம் கட்டும் முன் மோதிரத்தின் உள்பக்கம் பாருங்கள். பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, தங்கத்தின் தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடான எச்யுஐடி மூன்றும் இருக்கும். அந்த ஆறு இலக்கத்தை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் விவரம் வரும். அது தங்கத்துக்கு மட்டும்தான். வைரத்துக்கு, கல்லைப் பரிசோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான ஜிஐஏ அல்லது ஐஜிஐ தந்த சர்டிபிகேட் கேளுங்கள், எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒற்றைக்கல் என்றால், பதிப்பதற்கு முன் தனிக்கல்லாகப் பரிசோதித்த சர்டிபிகேட் நல்லது. நகையாகச் செய்த பிறகு பார்ப்பதில் கொக்கி மறைத்தது போக மிச்சத்தைத்தான் பார்க்க முடியும்.

கடைசியாக, அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! அக்காவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நீங்களா, அவரா? ஒரு போன் போட்டு நேராகவே கேளுங்கள். "எனக்கு இவ்வளவுதான் முடியும், ஒற்றைக்கல்லா ஏழுகல்லா, எது பிடிக்கும்?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நகை அதிகம் போடாதவராகவும் இருக்கலாம். தினமும் போட்டுக்கொள்ள லேசாக ஒன்று போதும் என்று சொல்லவும் கூடும். அப்படியே விரல் அளவையும் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் கொடுத்துச் செய்வதென்றால் மூன்று வாரம்வரை கேட்பார்கள், முகூர்த்த மாதம் என்றால் இன்னும் இழுக்கும். அதனால் இந்த வாரமே பேசிவிடுங்கள்.