படம் பளிச், ஆப்தான் படுத்துகிறது

கேள்வி: 2018 தீபாவளிக்கு வாங்கிய 43 அங்குல ஸ்மார்ட் டிவி எங்கள் வீட்டில் இருக்கிறது. படம் இன்றும் பளிச்சென்றுதான் தெரிகிறது. ஆனால் யூடியூப் திறப்பதற்குள் காபியே ஆறிவிடுகிறது. ஒரு ஓடிடி ஆப், ‘இந்தச் சாதனத்தில் இனி இயங்காது’ என்று கைவிரித்துவிட்டது. கணவர் 55 அங்குலத்தில் புதிதாக எடுத்துவிடலாம் என்கிறார். பழையதுக்குக் கடைக்காரர் 2,500 ரூபாய் கழித்துக்கொள்கிறாராம். கல்லூரியில் படிக்கும் மகனோ, “ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் போதும்மா” என்கிறான். மாமியாருக்குக் கேபிளில் சீரியல் பார்க்க வேண்டும். “ஏற்கெனவே ரெண்டு ரிமோட், இதுல மூணாவதா?” என்று அலுத்துக்கொள்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் யோசிக்க வேண்டிய விஷயத்தைச் சொன்னவர் உங்கள் மாமியார்தான். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. டிவியை வீட்டு வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு, செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, போனை டிவி பக்கத்திலேயே வைத்துக்கொண்டு யூடியூப் திறந்து பாருங்கள். படம் தங்குதடையில்லாமல் ஓடினால் குற்றவாளி டிவி அல்ல, உள்ளறையில் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரவுட்டர். அப்போது எதையும் வாங்க வேண்டாம். ரவுட்டரை ஹாலுக்கு மாற்றினாலோ, டிவியின் பின்னால் இருக்கும் லேன் துளைக்கு ஒரு ஒயர் இழுத்தாலோ போதும்.

ஆனால் ‘இனி இயங்காது’ என்று ஒரு ஆப் சொல்லிவிட்டது என்றால், அது இணைய வேகக் கோளாறு இல்லை. உங்கள் டிவியின் மூளைக்கு வயதாகிவிட்டது. ஸ்மார்ட் டிவி என்று நாம் வாங்குவது உண்மையில் ஒரே சட்டத்துக்குள் அடைத்த இரண்டு பொருள்கள். ஒன்று திரை. பத்து வருடம்கூடச் சாதாரணமாக உழைக்கும். இன்னொன்று உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அந்தக் காலத்து டிவிகள் பலவற்றில் அதற்கு 1 ஜிபி, ஒன்றரை ஜிபி ரேம்தான் (ஆப்கள் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம்). ஆப்கள் ஆண்டுக்கு ஆண்டு ஊதிக்கொண்டே போகின்றன, அந்த ரேமோ வாங்கிய நாளில் இருந்த அளவிலேயே நிற்கிறது. போதாததற்கு, தயாரிப்பாளர்களுக்குப் புது மாடலை விற்பதில் இருக்கும் அக்கறை பழைய மாடலுக்கு அப்டேட் அனுப்புவதில் இருப்பதில்லை.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2015-இல் யூடியூப், 2012-க்கு முந்தைய பல டிவிகளில் தன் ஆப்பை நிறுத்தியது. 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ், 2010, 2011-ஆம் ஆண்டு சாம்சங் டிவிகள் சிலவற்றில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்த டிவிகளின் திரைகள் கெட்டா போயின?

அதனால்தான் மகன் கட்சி. மூளை மட்டும் மந்தமானால் மூளையை மட்டும் மாற்றுவோம். ஸ்டிக் என்பது டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் சொருகும் இன்னொரு சின்னக் கம்ப்யூட்டர்தான், ஆப்கள் இனி அதில் ஓடும். ஸ்டிக்குக்கும் சாவு உண்டு, மறுக்கவில்லை. ஸ்டிக் போலவே டிவியில் சொருகும் கூகுளின் குரோம்காஸ்ட்களில் இரண்டாம் தலைமுறை மாடல்கள் 2025 மார்ச்சில் திடீரென்று படுத்துவிட்டன. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம். சில நாள் கழித்து கூகுள் சரிசெய்தது. ஆனால் ஸ்டிக் போனால் நாலைந்தாயிரம். டிவி போனால் அதைப் போலப் பல மடங்கு.

வாங்குவதற்கு முன் உங்கள் ஃபைபர் இணையக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜியோ, ஏர்டெல் போன்றவற்றின் சில திட்டங்களில் ஓடிடி பாக்ஸும் சேர்ந்தே வருகிறது. அது கிடைத்தால் ஸ்டிக் செலவும் மிச்சம். இல்லையென்றால் விவரப் பட்டியலைப் பார்த்து 2 ஜிபி ரேம் உள்ள மாடலாக எடுங்கள். அவை பெரும்பாலும் 4கே, அதாவது மிகத் துல்லியமான படம் தரும் டிவிகளுக்கானவையாக இருக்கும். உங்கள் டிவி 4கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆப்கள் சுறுசுறுப்பாக ஓடுவதற்காகச் சொல்கிறேன். 1 ஜிபி மாடலில் கொஞ்சம் விலை குறையும், ஆனால் இரண்டு வருடத்தில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள், எல்லாச் சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று ஆசை காட்டுவார்கள். இப்படிப்பட்ட பாக்ஸ்கள் பலவற்றில் தயாரிப்பிலேயே வைரஸ் புகுந்து வந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கையே விட்டது. அது தவிர, முறையான உரிமம் இல்லாத பாக்ஸில் நெட்ஃப்ளிக்ஸ் ஓடினாலும் படம் மங்கலாகத்தான் வரும்.

மாட்டும்போது ஒரு சின்ன விஷயம். என் அண்ணன் வீட்டில் ஸ்டிக் வாங்கி ஒரு வாரத்திலேயே ‘பீஸ் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பக் கிளம்பிவிட்டார்கள். படம் பாதி ஓடும், அணையும், லோகோ வரும், மறுபடி முதலிலிருந்து. போய்ப் பார்த்தால், கூட வந்த அடாப்டரைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் வரும், ஸ்டிக் கேட்பதோ ஒரு ஆம்பியர். அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டதும் சரியாகிவிட்டது. டிவி சுவரோடு ஒட்டி இருந்தால், பெட்டியில் வரும் குட்டை ஹெச்டிஎம்ஐ ஒயரை இடையில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது மாமியார். அவர் பயப்படுவது ரிமோட்டுக்கு அல்ல. சீரியல் நேரத்தில் டிவியைப் போட்டால் கேபிளுக்குப் பதில் வேறு என்னவோ நீலமாக வந்து நிற்குமே, அதற்கு. பேரன் ராத்திரி படம் பார்த்துவிட்டு அப்படியே அணைத்துப் போயிருப்பான். ஸ்டிக் வைத்திருக்கும் வீடுகளில் நான் பார்த்த சண்டையில் பாதி இதுதான்.

டிவி செட்டிங்ஸில் ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்று ஒன்று இருக்கும். சாம்சங்கில் அதற்கு எனிநெட்+ என்று பெயர், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதை ஆன் செய்தால், ஸ்டிக் ரிமோட்டில் ஹோம் பட்டனை அழுத்தியதும் டிவி தானாக ஸ்டிக்குக்கு வந்துவிடும். மகனுக்கு அந்த ஒரு ரிமோட் போதும். ஆனால் அங்கிருந்து கேபிளுக்குத் திரும்ப டிவி ரிமோட்டின் சோர்ஸ் பட்டன்தான் பெரும்பாலும் வழி. அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். ‘சிவப்பை அழுத்துங்க அத்தை, செட்டாப் பாக்ஸ் இருக்கிற நம்பர் வந்ததும் ஓகே’ என்று இரண்டு நாள் காட்டினால் பழகிவிடும். அத்தோடு வீட்டில் ஒரு சட்டம்: ராத்திரி கடைசியாகப் பார்ப்பவர் கேபிளுக்கு மாற்றிவிட்டுத்தான் டிவியை அணைக்க வேண்டும். பல டிவிகள் கடைசியாக எதில் அணைத்தோமோ அதிலேயே கண் விழிக்கும்.

சரி, புது டிவியே வேண்டாமா? திரையில் கோடு விழுந்தாலோ, ஒரு பக்கம் இருண்டாலோ தாராளமாக மாற்றுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. அப்போதும் திரையின் தரத்துக்குக் காசு கொடுங்கள், ஆப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆனால் நன்றாக இருக்கும் திரையை 2,500 ரூபாய்க்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கணவருக்குப் பெரிய திரை மேல்தான் ஆசை என்றால், அது ஸ்டிக்கால் தீராத ஆசை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். 43 அங்குல டிவியின் அகலம் மூன்றடிக்குச் சற்று மேல். 55 அங்குலம் ஏறக்குறைய நாலடி. டிவி ஷோகேஸுக்குள் இருக்கிறது என்றால், கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்து அந்த இடத்தை அளக்கட்டும். ஆசாரி கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.