டெர்மினலில் மின்னஞ்சல்: ஆல்பைனா, மட்டா?

எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக சர்வருக்குள் நுழைந்து, அங்கேயே டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், மின்னஞ்சல் படிக்க எந்த நிரல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதுவரை இப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை என்றால் ஆல்பைன் போதும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கிய பைன் என்ற மின்னஞ்சல் நிரலின் வாரிசு இது. எந்த விசை என்ன செய்யும் என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். அமைப்புகளையும் மெனுவிலேயே மாற்றலாம்.

மட் வேறு ரகம். 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதியது. இதற்கு அமைப்புக் கோப்பை நீங்களே எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடும். ஆனால் கை பழகிவிட்டால், ‘இன்னாரிடமிருந்து வந்தவை, ஒரு மாதத்துக்கு மேல் பழையவை’ என்று நிபந்தனை கொடுத்து, நூற்றுக்கணக்கான மடல்களைக் குறியிட்டு ஒரே அடியில் நகர்த்தலாம். மடல் எழுதுவதோ விம், ஈமேக்ஸ் என உங்களுக்குப் பிடித்த எடிட்டரில். தினமும் குவியும் மடல்களோடு மல்லுக்கட்டுபவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஜிமெயில் கணக்கா? வழக்கமான கடவுச்சொல் எடுபடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, செயலிக்கான தனிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழ் மடல்களில் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரிந்தால் நிரலைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி டெர்மினல்தான்.