எக்ஸாஸ்ட் ஃபேன் கரகர சத்தம்: எண்ணெய் விட்டுப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. குளியலறை ஃபேன் போட்டதும் கரகரவென்று கத்துகிறது, சற்று நேரம் ஓடியபின் குறைகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது புஷ், அதாவது மோட்டார் தண்டைத் தாங்கும் சிறு உலோக வளையம், வறண்ட சத்தம்தான். புதிது வாங்க அவசரப்படாதீர்கள்.

மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாகச் சுற்றினால், அழுக்கைத் துடைத்துவிட்டு, மோட்டாரிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். விட்டபின் கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

தண்டைப் பக்கவாட்டில் அசைக்கும்போது லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் உதவாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள், புஷ் மாற்றித் தருவார்கள். அப்புறம், சுவரில் பிடித்திருக்கும் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.